வேலைக்கு ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை தேடுகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். இலக்கணத்தை விட அதிகமாக என்னிடம் கேட்கப்படுவது ஜாப், வொர்க், ஆக்குபேஷன், ப்ரொஃபஷன், கரியர், டிரேட், போஸ்ட் போன்ற சொற்களைப் பற்றித்தான். அகராதியைத் திறந்தால் எல்லாவற்றுக்கும் வேலை, தொழில், பணி என்று மாற்றி மாற்றிப் போட்டிருக்கும். ஆனால் ஆங்கிலத்தில் இவை ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. கேட்பது யார், எதற்காகக் கேட்கிறார் என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இன்னொன்றும் உண்டு. இந்தச் சொற்களில் சில மனிதரை உயர்த்துகின்றன, சில இறக்குகின்றன, சில அவருக்குக் கிடைக்கும் உரிமையையே தீர்மானிக்கின்றன. அதனால் இவற்றைத் தெரிந்துகொள்வது நேர்காணலுக்கு மட்டுமான விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

ஜாப், வொர்க் இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றில்லை. உழைக்கிற செயல் வொர்க். அந்த உழைப்புக்குச் சம்பளம் கிடைக்கிற இடம் ஜாப். தோட்டத்தில் களை பிடுங்குவதும் வொர்க், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதும் வொர்க். அதை ஒருவர் நம்மிடம் ஒப்படைத்து மாதம் பிறந்தால் பணம் தந்தால் அது ஜாப்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணைப் பற்றிப் பேசும்போது "ஷீ டஸ் நாட் வொர்க்" என்று பலரும் சொல்லிவிடுகிறார்கள். அது உண்மைக்கே மாறானது. விடியலில் எழுந்து இரவு வரை அவர் செய்வது வொர்க் இல்லாமல் வேறென்ன? "ஷீ டஸ் நாட் ஹேவ் அ பெய்ட் ஜாப்" என்று சொன்னால் சரியாக இருக்கும். நம் நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் வீட்டுப் பொறுப்புகளை மட்டும் பார்ப்பவர் 'நான்-வொர்க்கர்' பட்டியலில்தான் வருகிறார். கணக்கெடுப்புக்கு அதன் இலக்கணம் உண்டு, சரி. பேசும்போது நாமும் அப்படிப் பேச வேண்டியதில்லை.

இலக்கணத்திலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. ஜாபை எண்ணலாம்: அ ஜாப், டூ ஜாப்ஸ். வேலை என்ற பொருளில் வொர்க்கை எண்ண முடியாது. நாம் "எனக்கு ஒரு வேலை இருக்கு" என்று பேசிப் பழகியவர்கள், அதனால் "ஐ ஹேவ் அ வொர்க்" என்று வாயில் வந்துவிடுகிறது. "ஐ ஹேவ் சம் வொர்க்" என்று பழகிக்கொள்ளுங்கள். ஹோம்வொர்க், ஹவுஸ்வொர்க் ஆகியவற்றுக்கும் இதே விதிதான். 'ஹோம்வொர்க்ஸ்' என்று எழுதக்கூடாது.

ஜாப் என்ற சொல்லுக்கு இன்றைய மரியாதை எப்போதும் இருந்ததில்லை. துண்டு வேலை, சில்லறை வேலை என்ற பொருளில்தான் அது முதலில் புழங்கியது. 1755-இல் வெளிவந்த தன் அகராதியில் சாமுவேல் ஜான்சன் அதைக் கீழான சொல் என்று குறித்தார், அதன் வேர் தனக்குத் தெரியவில்லை என்றும் எழுதினார். அந்தப் பழைய பொருள் இன்றும் முழுக்கப் போய்விடவில்லை. குழாயைச் சரிசெய்யும் ஒரு மணி நேர வேலையையும் ஜாப் என்பார்கள், முப்பது வருட அரசு வேலையையும் ஜாப் என்பார்கள்.

அப்படியானால் 'வொர்க்ஸ்' என்று பன்மையில் வருவது எப்படி?

அங்கே பொருள் வேறு. எழுத்தாளரின் படைப்புகள் வொர்க்ஸ். ஸ்டீல்வொர்க்ஸ் என்றால் எஃகு ஆலை. கட்டுமானப் பணிகளும் வொர்க்ஸ்தான், நம் பொதுப்பணித் துறைக்கு ஆங்கிலத்தில் பப்ளிக் வொர்க்ஸ் டிபார்ட்மெண்ட் என்ற பெயர் அதனால்தான் வந்தது.

"ஐ ஆம் வொர்க்கிங் அஸ் அ டீச்சர்" என்று சொன்னால் தவறா?

தவறில்லை, ஆனால் கேட்பவருக்கு வேறு ஒன்று புரியும். நிலையான வேலையைச் சொல்ல "ஐ வொர்க் அஸ் அ டீச்சர்" என்பார்கள், அதைவிட இயல்பாக "ஐ ஆம் அ டீச்சர்" என்பார்கள். வொர்க்கிங் என்று சொன்னால் இப்போதைக்கு இதைச் செய்கிறேன், பிறகு மாறலாம் என்ற தொனி வந்துவிடும். தமிழில் "வேலை செய்கிறேன்", "செய்துகொண்டிருக்கிறேன்" இரண்டையும் நாம் அவ்வளவு பிரித்துப் பார்ப்பதில்லை. நேர்காணலில் இந்த வேறுபாடு காதில் விழும்.

கூடவே வரும் சிறு சொற்களையும் கவனியுங்கள். வேலை தருபவரைச் சொல்ல 'வொர்க் ஃபார்', இடத்தைச் சொல்ல 'வொர்க் அட்', துறையைச் சொல்ல 'வொர்க் இன்', என்ன பொறுப்பு என்று சொல்ல 'வொர்க் அஸ்'. ஒரு வங்கியில் காசாளர் என்றால் "ஐ வொர்க் அட் அ பேங்க்" என்றும் சொல்லலாம், "ஐ வொர்க் அஸ் அ கேஷியர்" என்றும் சொல்லலாம். 'வொர்க் வித்' என்றால் கூடச் சேர்ந்து செய்கிறேன் என்று பொருள், சக ஊழியரைப் பற்றிப் பேசும்போது அது வரும்.

படிவத்தில் 'ஆக்குபேஷன்' என்று கேட்டால் எதை எழுதுவது?

நிறுவனத்தின் பெயரை எழுதாதீர்கள். பதவியின் பெயர் கூட எல்லா நேரமும் பொருந்தாது. நீங்கள் எந்த வகை வேலை செய்பவர் என்பதுதான் அங்கே கேட்கப்படுகிறது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இதற்கு ஒரு தெளிவான வரையறை வைத்திருக்கிறது. ஒருவர் செய்கிற, அல்லது செய்ய வேண்டிய கடமைகளின் தொகுப்பு ஜாப். பெரும்பாலும் ஒரே மாதிரிக் கடமைகள் கொண்ட பல ஜாப்களைச் சேர்த்தால் ஒரு ஆக்குபேஷன். அந்த அமைப்பின் 2008-ஆம் ஆண்டு வகைப்பாடு உலகத்தில் இருக்கும் வேலைகளை 10 பெரும் பிரிவுகளாகவும் கடைசி அடுக்கில் 436 தொகுதிகளாகவும் பிரிக்கிறது. இந்தியாவின் 2015-ஆம் ஆண்டு தேசியத் தொழில் வகைப்பாடும் அதை ஒட்டியே அமைந்தது. மதுரையில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார், லண்டனில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார் என்றால் ஜாப் இரண்டு, ஆக்குபேஷன் ஒன்று.

எனவே டீச்சர், டிரைவர், டெய்லர், ஃபார்மர் என்று எழுதினால் போதும். வெறுமனே 'பிசினஸ்' என்று எழுதுவதை விட 'கிராசரி ஷாப் ஓனர்' என்று எழுதுவது தெளிவு. பணி ஓய்வு பெற்றவர் 'ரிட்டயர்டு' என்றும், வீட்டைக் கவனிப்பவர் 'ஹோம்மேக்கர்' என்றும் எழுதலாம். பேச்சில் மட்டும் இந்தச் சொல்லைக் கொண்டுவராதீர்கள். "வாட் இஸ் யுவர் ஆக்குபேஷன்?" என்று எதிரில் இருப்பவரிடம் கேட்டால் காவல் நிலையத்தில் விசாரிப்பது போலிருக்கும்.

ப்ரொஃபஷன் என்று எதைச் சொல்லலாம்? எல்லா வேலையும் ப்ரொஃபஷன் ஆகாதா?

இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு சத்தியம் இருக்கிறது. லத்தீனில் அதன் வேருக்குப் பலர் முன் அறிவித்தல் என்று பொருள். இடைக்கால ஐரோப்பாவில் துறவு மடத்தில் சேருகிறவர் எடுக்கும் உறுதிமொழியைத்தான் ப்ரொஃபஷன் என்றார்கள். பிறகு சமயப் பணி, சட்டம், மருத்துவம் ஆகிய மூன்றுக்கும் அது பெயரானது. நீண்ட படிப்பு, ஒரு நெறிமுறை, அதை மீறினால் தண்டிக்கத் தன் துறையிலேயே ஓர் அமைப்பு என்ற மூன்றும் சேர்ந்தால்தான் பழைய பொருளில் ப்ரொஃபஷன்.

இந்தியாவில் 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம், 1949-ஆம் ஆண்டு பட்டயக் கணக்காளர்கள் சட்டம் இரண்டும் இந்தக் கருத்தின் மேல்தான் நிற்கின்றன. பார் கவுன்சில் ஒருவரைத் தன் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டால் அவர் எந்த நீதிமன்றத்திலும் வாதாட முடியாது. ஒரு நிறுவனம் வேலையை விட்டு அனுப்பினால் ஜாப் போகும், ப்ரொஃபஷன் போகாது. அதை எடுக்கிற அதிகாரம் முதலாளியிடம் இல்லை. வழக்கறிஞருக்கும் கணக்காளருக்கும் வருகிறவர் கிளையண்ட், கடைக்கு வருகிறவர் கஸ்டமர் என்ற பிரிவும் இங்கிருந்து வந்ததுதான்.

நம் அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவை ஆங்கிலத்தில் படித்துப் பாருங்கள். எந்த ப்ரொஃபஷனையும் பிராக்டிஸ் செய்யலாம், எந்த ஆக்குபேஷனையும் டிரேடையும் பிசினஸையும் நடத்தலாம் என்று குடிமக்களுக்கு உரிமை தருகிறது. நான்கு சொற்களையும் ஒரே வரியில் வைத்திருக்கிறார்கள், ப்ரொஃபஷனுக்கு மட்டும் வினைச்சொல் வேறு. டாக்டரும் வக்கீலும் 'பிராக்டிஸ்' செய்கிறார்கள் என்று நாம் அன்றாடம் சொல்வதும் அதே வழக்கம். எந்த வேலையும் இந்த உரிமைக்கு வெளியே போய்விடக்கூடாது என்பதற்காகவே நான்கையும் அடுக்கியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வரி எனக்கு மிகவும் பிடிக்கும்.

276-ஆம் பிரிவில் இன்னொரு அடுக்கு வருகிறது: ப்ரொஃபஷன்ஸ், டிரேட்ஸ், காலிங்ஸ், எம்ப்ளாய்மெண்ட்ஸ். இவற்றின் மேல் உள்ளாட்சிகளுக்காகவும் மாநிலத்துக்காகவும் வரி போடலாம், ஆனால் ஒருவரிடம் வருடத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது. நம் மாநகராட்சிகள் அரையாண்டுக்கு ஒருமுறை வசூலிக்கும் தொழில் வரி இதுதான். சம்பளம் வாங்கும் குமாஸ்தாவிடம் ஏன் 'ப்ரொஃபஷன் டாக்ஸ்' பிடிக்கிறார்கள் என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அந்த வரியின் பெயரில் முதல் சொல் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது, சட்டத்தில் எம்ப்ளாய்மெண்டும் கூடவே இருக்கிறது.

இன்றைய பேச்சில் சொல் தளர்ந்துவிட்டது. ஆசிரியர், செவிலியர், பொறியாளர், பத்திரிகையாளர் எல்லோரும் தங்கள் வேலையை ப்ரொஃபஷன் என்கிறார்கள், அது சரியே. 'ப்ரொஃபஷனல்' என்ற சொல் இன்னும் விரிந்தது. நேரத்துக்கு வந்து, சொன்னபடி செய்து, பொய் சொல்லாமல் காசு வாங்கும் எந்த எலக்ட்ரீஷியனையும் தாராளமாக ப்ரொஃபஷனல் என்று சொல்லுங்கள்.

கரியர் என்பது நல்ல ஜாப் என்று பொருளா?

சம்பளத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஜாப் இன்றைக்கு என்ன செய்கிறீர்கள் என்பது. கரியர் பல வருடங்களில் நீங்கள் நடந்து வந்த பாதை. பிரெஞ்சில் பந்தயம் ஓடும் தடத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது, வினையாக வந்தால் இன்றும் கட்டுப்பாடில்லாமல் விரைந்து ஓடுவதைக் குறிக்கும். நான்கு ஜாப் மாறினாலும் ஒரே கரியராக இருக்கலாம். ஒரே ஜாபில் கடைசி வரை இருந்தவருக்கும் கரியர் உண்டு.

உச்சரிப்பில் கவனம் வேண்டும். கரியரில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழும். முதல் அசையில் அழுத்தினால் அது சாப்பாடு எடுத்துப்போகும் கேரியர் ஆகிவிடும். தமிழில் பலரும் இரண்டையும் கேரியர் என்றே எழுதுவதால் நேர்காணலில் இந்தப் பிழை நிறையவே வருகிறது.

ஐடிஐயில் "என்ன டிரேடு?" என்று கேட்கிறார்கள். டிரேட் என்றால் வியாபாரம் இல்லையா?

இரண்டும்தான். ஃபிட்டர், டர்னர், வெல்டர், எலக்ட்ரீஷியன் போல் கையால் பழகிக் கற்கும் தொழிலுக்கு டிரேட் என்பது ஆங்கிலத்தில் பழைய, நல்ல வழக்கு. ஐடிஐ அதை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது. வாங்கி விற்பது இன்னொரு பொருள். ஆளைச் சொல்லும்போது பிரிந்துவிடும்: வாங்கி விற்பவர் டிரேடர், கைத்தொழில் செய்பவர் டிரேட்ஸ்மன் அல்லது டிரேட்ஸ்பர்சன். ஆஸ்திரேலியாவில் பேச்சு வழக்கில் 'டிரேடி' என்பார்கள்.

டிரேடை ப்ரொஃபஷனுக்கு ஒரு படி கீழே வைக்கும் பழக்கம் இங்கிலாந்தின் வர்க்கப் பிரிவிலிருந்து வந்தது. அங்கே மேல்குடியினர் 'இன் டிரேட்' என்பதை இளக்காரமாகச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. அந்த இளக்காரத்தை நாம் இரவல் வாங்க வேண்டாம். நல்ல வெல்டர் ஒருவரின் பற்றவைப்பை நம்பித்தான் பாலத்தின் மேல் பேருந்து போகிறது.

வொகேஷன் உயர்ந்த சொல் என்கிறார்கள், வொகேஷனல் கோர்ஸ் என்றால் ஏன் யாரும் மதிப்பதில்லை?

நியாயமான கேள்வி. வொகேஷன், காலிங் இரண்டுக்கும் அழைப்பு என்பதே பொருள். முதலில் இறைவன் துறவுக்கு அழைப்பதைக் குறித்தது. 16-ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர், செருப்புத் தைப்பவரும் பால் கறப்பவரும் செய்வது கூட இறைவன் அழைத்த பணிதான் என்ற கருத்தை முன்வைத்தார். அதன் பிறகு சாதாரணத் தொழில்களுக்கும் இந்தச் சொல் வந்தது. அந்தக் கிளையில் வந்ததுதான் வொகேஷனல், அதாவது தொழில்கல்வி. எனவே "டீச்சிங் இஸ் மை வொகேஷன்" என்றால் மனம் ஒன்றிச் செய்கிறேன் என்று பொருள். வொகேஷனல் டிரெய்னிங் என்றால் கைத்தொழில் பயிற்சி. மதிப்பு குறைந்தது சொல்லால் நடந்ததில்லை, நம் பள்ளிகள் மதிப்பெண் குறைந்தவர்களை அந்தப் பக்கம் தள்ளியதால் நடந்தது.

போஸ்ட், பொசிஷன், வேகன்சி, ரோல், டெசிக்னேஷன் எல்லாம் எங்கெங்கே வரும்?

போஸ்ட் என்பது ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இருக்கிற இடம், அரசுப் பணியில் அதிகம் வரும். அதுவே காலியாக இருந்தால் வேகன்சி. தனியார் நிறுவனங்கள் பொசிஷன் அல்லது ரோல் என்கின்றன. விண்ணப்பக் கடிதத்தில் "ஐ ஆம் அப்ளையிங் ஃபார் த போஸ்ட் ஆஃப்" என்பதும் "த பொசிஷன் ஆஃப்" என்பதும் சரி. 'அப்ளையிங் ஃபார் த வேகன்சி' என்பதை அரசு அறிவிக்கையில் மட்டும் பார்த்துப் பழகியவர்கள் எழுதுகிறார்கள், பிழையில்லை. டெசிக்னேஷன் நம் நாட்டு வழக்கு. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 'ஜாப் டைட்டில்' என்றால்தான் சட்டென்று புரியும்.

எம்ப்ளாயி, வொர்க்கர், ஸ்டாஃப் எல்லாம் ஊழியர்தானே?

பேச்சில் ஆமாம். சட்டத்தில் இந்தச் சொற்களுக்காக ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்திருக்கிறது.

பிரிட்டனில் 1996-ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டப்படி எம்ப்ளாயி ஒரு வகை, வொர்க்கர் அதைவிட அகலமான வகை, செல்ஃப்-எம்ப்ளாய்டு மூன்றாவது. எம்ப்ளாயிக்கு முழு உரிமை. வொர்க்கருக்குக் குறைந்தபட்சக் கூலி, சம்பளத்தோடு விடுமுறை போன்றவை உண்டு. மூன்றாமவருக்கு இவை இல்லை. ஊபர் நிறுவனம் தன் ஓட்டுநர்கள் மூன்றாம் வகை, தனித்தனியாகத் தொழில் செய்பவர்கள் என்றது. கட்டணத்தை நிறுவனம் நிர்ணயிக்கிறது, பயணியோடு ஓட்டுநர் பேசிக்கொள்வதைக் கூட நிறுவனம் கட்டுப்படுத்துகிறது, பிறகு எப்படித் தனித் தொழில் என்று ஓட்டுநர்கள் கேட்டார்கள். 2021 பிப்ரவரி 19 அன்று பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் அவர்கள் வொர்க்கர்கள்தான் என்று தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று பார்த்து நிற்காமல், நடைமுறையில் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள்.

இந்தியாவில் 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 'கிக் வொர்க்கர்', 'பிளாட்ஃபார்ம் வொர்க்கர்' என்ற சொற்களுக்கு வரையறை தந்தது. முதலாளி–ஊழியர் என்ற வழக்கமான உறவுக்கு வெளியே உழைப்பவர் என்பதுதான் அதன் சாரம். உணவுப் பொட்டலம் கொண்டுவரும் இளைஞரை நிறுவனங்கள் 'டெலிவரி பார்ட்னர்' என்கின்றன. பார்ட்னர் என்றால் லாபத்தில் பங்கு இருக்க வேண்டும். ஒரு சொல்லை ஏற்றுக்கொள்ளும் முன் அதோடு என்னென்ன வருகிறது, என்னென்ன போகிறது என்று கேளுங்கள்.

ஸ்டாஃப் பற்றி ஒரு வரி: அது ஒரு கூட்டத்தின் பெயர். "ஒரு ஸ்டாஃப் வந்தார்" என்று தமிழில் சொல்லலாம், ஆங்கிலத்தில் 'அ மெம்பர் ஆஃப் ஸ்டாஃப்' என்று வர வேண்டும்.

கிக், ஃப்ரீலான்ஸ் வேறு வேறா?

கிக் என்பது 1920-களில் அமெரிக்க ஜாஸ் இசைக்கலைஞர்களிடையே புழங்கிய சொல், ஓர் இரவுக் கச்சேரி. இன்று எந்தத் தனித்த சிறு வேலைக்கும் பெயர். ஃப்ரீலான்சர் யாருக்கும் நிரந்தர ஊழியராக இல்லாமல் பலருக்கும் தன் திறமையை விற்பவர். ஒரு நேரத்தில் யாரிடமும் சேராத கூலிப்படை ஈட்டி வீரரைக் குறித்த சொல். மொழிபெயர்ப்பாளர், புகைப்படக்காரர் எல்லாம் ஃப்ரீலான்சர் என்றே சொல்லிக்கொள்ளலாம்.

சாலரி, வேஜ், ஃபீ, ஸ்டைபெண்ட், ஹானரேரியம்?

மாதக் கணக்கில் நிலையாக வருவது சாலரி. மணிக்கோ நாளுக்கோ வாரத்துக்கோ கணக்கிட்டால் வேஜ். டாக்டர், வக்கீல் வாங்குவது ஃபீ. பயிற்சியில் இருப்பவருக்குத் தருவது ஸ்டைபெண்ட். எல்லாவற்றுக்கும் பொதுவான எளிய சொல் பே. எது என்று தெரியாவிட்டால் பே என்று சொல்லிவிடுங்கள், தவறாகாது.

ஹானரேரியத்திடம் கொஞ்சம் நின்று போக வேண்டும். மரியாதைக்காகத் தரும் தொகை என்று பொருள், ஒரு கூட்டத்தில் வந்து பேசியவருக்கு உறையில் வைத்துத் தருவது போல. ஆனால் நாடு முழுவதும் அங்கன்வாடிகளில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு மாதாமாதம் கொடுப்பதற்கும் அரசு இந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறது. தமிழில் மதிப்பூதியம். சம்பளம் என்று சொன்னால் சம்பளத்தோடு வரும் உரிமைகளையும் தர வேண்டும் அல்லவா? 2022-இல் குஜராத் அங்கன்வாடிப் பெண்கள் தொடர்பான வழக்கில், அவர்களுக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி பணிக்கொடை உண்டு என்றும், அவர்கள் பெறும் மதிப்பூதியம் அந்தச் சட்டத்தின் நோக்கில் ஊதியம்தான் என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு வந்தபோது எனக்கு உண்மையிலேயே மனம் நிறைந்தது.

லே-ஆஃப் என்றால் வேலையை விட்டு அனுப்புவதா, தற்காலிகமாக நிறுத்துவதா?

எந்த நாட்டு ஆங்கிலம் என்பதைப் பொறுத்தது. செய்தியில் வரும் அமெரிக்க ஐடி நிறுவன லே-ஆஃப் என்றால் ஆட்குறைப்பு, திரும்பக் கூப்பிட மாட்டார்கள். இந்தியச் சட்டத்தில் அப்படி இல்லை. 2025 வரை நடைமுறையில் இருந்த 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டத்தில் லே-ஆஃப் என்பது மின்சாரம், நிலக்கரி, மூலப்பொருள் இல்லாமலோ இயந்திரம் பழுதாகியோ தற்காலிகமாக வேலை கொடுக்க முடியாமல் போவது. பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கும். நிரந்தரமாகக் குறைத்தால் அதற்குச் சொல் ரிட்ரெஞ்ச்மெண்ட். அதன் இடத்துக்கு வந்த 2020-ஆம் ஆண்டு தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் இந்த இரு சொற்களையும் இதே பொருளில் வைத்திருக்கிறது. கடிதம் வந்தால் எந்தச் சொல் எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள், இழப்பீடு அதைப் பொறுத்து மாறும்.

பிரிட்டனில் இதற்கு 'மேட் ரிடண்டன்ட்' என்பார்கள். அந்த இடமே தேவையில்லாமல் போனது, ஆள் மேல் குறை இல்லை என்று பொருள். ஃபயர்டு, சாக்டு இரண்டும் ஆள் மேல் குற்றம் சொல்லி அனுப்புவது. அமெரிக்கர் ஃபயர்டு என்பார், பிரிட்டிஷ்காரர் சாக்டு என்பார். எனவே ஆட்குறைப்பில் வேலை இழந்தவர் "ஐ வாஸ் ஃபயர்டு" என்று தன்னைப் பற்றிச் சொல்லக்கூடாது. செய்யாத தவறைத் தானே ஏற்றுக்கொள்வது போலாகிவிடும்.

நாமாக விலகினால் ரிசைன். குவிட் என்பதும் அதுதான், கொஞ்சம் பேச்சு வழக்கு, சில நேரம் கோபத்தோடு விட்டதாகத் தொனிக்கும். நேர்காணலில் ரிசைன் என்றே சொல்லுங்கள்.

'கூலி', 'சர்வண்ட்' என்ற சொற்களை ஆங்கிலத்தில் எழுதலாமா?

கூலியை எழுதாதீர்கள். தமிழில் கூலி என்பது உழைப்புக்கு உரிய பணம், அதில் எந்தக் கேவலமும் இல்லை. ஆங்கிலத்தில் அது ஆளுக்குப் பெயரானது. அந்தச் சொல் தமிழிலிருந்து போனதா, குஜராத்தின் கோலி மக்களின் பெயரிலிருந்து போனதா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எந்த வழியில் போயிருந்தாலும், ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கப்பலில் ஏற்றிய காலத்தில் அது அவர்கள் மேல் ஒட்டப்பட்டது. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது, தென்னாப்பிரிக்காவுக்கு வந்த முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்கள் அதில் இருந்தார்கள். அந்த நாட்டில் பிறகு வக்கீலாக வந்த இந்தியரையும் கடைக்காரராக வந்த இந்தியரையும் கூட அதே சொல்லால் ஏசினார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் மலேயா ரப்பர் தோட்டங்களிலும் நம் மக்கள் அந்தப் பெயரில்தான் பதிவேடுகளில் எழுதப்பட்டார்கள். தென்னாப்பிரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் இன்றைக்கும் அது வசைச்சொல். ரயில் நிலையத்தில் சுமை தூக்குபவருக்கு ஆங்கிலத்தில் போர்ட்டர், மற்றவர்களுக்கு லேபரர் அல்லது வொர்க்கர்.

சர்வண்ட் கொஞ்சம் வேறு. 'சிவில் சர்வண்ட்' என்றால் பெரிய அதிகாரி, அங்கே அது பெருமை. வீட்டு வேலை செய்பவரைச் சர்வண்ட் என்பது இன்று ஏற்கத்தக்கதில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் நிறைவேற்றிய 189-ஆம் உடன்படிக்கை 'டொமஸ்டிக் வொர்க்கர்' என்ற பெயரையே எடுத்துக்கொண்டது. மற்றத் தொழிலாளர்களைப் போலவே வார விடுமுறையும் வேலை நேர வரம்பும் இவர்களுக்கும் வேண்டும் என்பது அதன் அடிப்படை. வொர்க்கர் என்று சொன்னால் இவையெல்லாம் கேட்பதற்கு வழி பிறக்கிறது.

வெளிநாட்டவருக்குப் புரியாத நம் அலுவலகச் சொற்கள் எவை?

முதலில் டியூட்டி. "ஐ ஆம் கோயிங் டு டியூட்டி" என்பது இங்கே எல்லோருக்கும் புரியும். வெளியே "ஐ ஆம் கோயிங் டு வொர்க்" என்று சொல்லுங்கள். செவிலியரும் காவலரும் 'ஆன் டியூட்டி' என்பது எங்கும் சரி. அப்புறம் ஃப்ரெஷர், பிரிட்டனில் அது கல்லூரியில் முதலாண்டு சேர்ந்த மாணவர். படித்து முடித்து வேலைக்கு வருகிறவர் 'ரீசண்ட் கிராஜுவேட்'. "பாஸ்டு அவுட்" என்றால் மயங்கி விழுந்தேன் என்று புரிந்துகொள்வார்கள், 'கிராஜுவேட்டட்' என்று எழுதுங்கள். ரிலீவிங் லெட்டர், பயோடேட்டா இரண்டும் இங்கேயே நிற்கட்டும். பிரிட்டனுக்கு சிவி, அமெரிக்காவுக்கு ரெஸ்யூமே.

இடையில் வேலை இல்லாமல் இருந்தேன். அதை எப்படிச் சொல்வது?

'அன்எம்ப்ளாய்டு' என்பது புள்ளிவிவரச் சொல். வேலை இல்லாமல், வேலைக்குத் தயாராக இருந்து, தேடிக்கொண்டும் இருப்பவர்தான் அதில் சேருவார். படித்துக்கொண்டிருந்தவரும் குழந்தையைப் பார்த்துக்கொண்டு வேலை தேடாமல் இருந்தவரும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். எனவே அந்தச் சொல்லை அவசரப்பட்டு உங்கள் மேல் போட்டுக்கொள்ளாதீர்கள்.

தேடிக்கொண்டிருந்தால் "ஐ வாஸ் லுக்கிங் ஃபார் வொர்க்". ஒன்றை விட்டு அடுத்ததற்குக் காத்திருந்தால் "ஐ வாஸ் பிட்வீன் ஜாப்ஸ்". குழந்தைக்காகவோ பெற்றோரின் நோய்க்காகவோ நின்றிருந்தால் "ஐ டுக் அ கரியர் பிரேக் டு கேர் ஃபார் மை மதர்" என்று காரணத்தோடு சொல்லுங்கள். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்பதையும் சிவியில் எழுதிவிடுங்கள், கேட்கும் முன்பே விடை அங்கே இருக்கும்.